வெள்ளைக்கொடிக் கப்பலுக்குக் காவல்

படத்துக்குக் காவல் இருப்பது சுலபமான வேலை என்று சொல்கிறவர்கள், படம் எழுந்து ஓடாது என்பதை மட்டும்தான் யோசிக்கிறார்கள். அதைப் பார்க்க வருகிறவர்களை யோசிப்பதில்லை. வங்கி வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று நின்று கால் வீங்கியவர்களே, உங்களுக்குத் தெரியும். ஒரே கேள்வியை நாளைக்கு நாற்பது பேர் கேட்பார்கள். நாற்பதாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன மாதிரியே பதில் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்கிற கேள்வி, "இதுல ஜெயிச்சது யாரு?"

நான் காவல் இருப்பது காரைக்காலில், பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்றின் கீழ்க்கூடத்தில். மாடியில் அலுவலகம். கீழே, சுவர் முழுக்க ஒரு கடற்சண்டைப் படம். என் கையால் அளந்திருக்கிறேன்: பன்னிரண்டடி நீளம், ஏழடி உயரம். இடது ஓரத்தில் பனைமரங்களோடு நம்முடைய கரை. கரையை ஒட்டி வெள்ளைக்கொடி கட்டிய கப்பல்கள் நான்கு. அவற்றுக்கு எதிரே, ஆழக்கடல் பக்கம், சிவப்புக்கொடி கட்டிய கப்பல்கள் ஐந்து. நடுவில் புகை. யார் வரைந்தது, எந்த வருடத்துச் சண்டை என்று கேட்டால் மாடியில் இருந்தவர்களுக்கே தெரியாது.

தரை ஆடியது

திருவேட்டக்குடியில் பிறந்து முப்பது வருடம் கடலுக்குப் போனவன் நான். படகுக்கும் துறைமுகத் தளத்துக்கும் நடுவில் மாட்டி முழங்கால் நொறுங்கிய பிறகுதான் இந்த வேலை. படகு முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது வேறு கதை. மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், மேற்கு சன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தது. அதுவரை கறுப்பாகத் தெரிந்த படத்தில் தண்ணீர் எழுந்தது. பொய் சொல்லவில்லை. அலை ஒன்று கப்பலைத் தூக்கி, இன்னும் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அலையின் முதுகில் பச்சை, வயிற்றில் கறுப்பு, உச்சியில் உடையப்போகிற இடத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு வெளிச்சம். இதைக் கடலில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பிடித்து நிறுத்தி யாரும் காட்டியதில்லை. என் கால் தானாக அகன்று, படகில் நிற்கிற மாதிரி நின்றது. அப்படியும் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ராசாத்தி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, படத்தைப் பாத்தே மயக்கம் வருதே, நீங்க எப்படிங்க கடலுக்குப் போனீங்க?"

கரையில் நின்றவர்கள்

அந்தக் காலத்தில் யார் வந்தாலும் நானே சொல்வேன். காற்று எங்கிருந்து அடிக்கிறது, எந்தக் கப்பல் எதை நோக்கித் திரும்புகிறது, வலது மூலையில் கீழே கட்டுமரத்தில் சிக்கிக்கொண்ட நம்மூர்க்காரர்கள் மூன்று பேர், எல்லாம் சொல்வேன்.

பட்டா விஷயமாக மாடிக்கு வந்த வயல்காரப் புருஷன் பெண்டாட்டி ஒருநாள் படத்தின் முன்னால் நின்றார்கள். புருஷனுக்குப் பீரங்கிகளை எண்ணத்தான் ஆசை. அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது ஓரத்துக்குப் போய்க் குனிந்தார். பனைமரங்களுக்குக் கீழே, எறும்பு கனத்தில், சில கோடுகள். நான்கு வருடம் தினமும் பார்த்த எனக்கு அவை மனிதர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "இவங்க ரெண்டு பேருமே எங்கேருந்தோ வந்து அடிச்சுக்கிறாங்க. கரையில நிக்கிற நம்ம சனம் யாரு ஜெயிக்கணும்னு சாமியை வேண்டிக்கிட்டிருக்கும்?"

பலகை வந்தது

பிறகு புதுக் கண்காணிப்பாளர் வந்தார். வந்த மாதமே படத்துக்குக் கீழே ஒரு பலகை அடித்தார். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'ஆங்கிலேயரிடம் வெள்ளைக்கொடி காட்டிச் சரணடையும் பிரெஞ்சுக் கப்பல்கள்.'

நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். படத்தில் கொடி, புகை, எல்லாம் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. அதாவது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற கச்சான் காற்று. வெள்ளைக்கொடிக் கப்பல்களுக்குக் காற்று முதுகில். அவர்கள் சுட்ட புகையெல்லாம் எதிரியின் கண்ணில் போய் அப்புகிறது. ஒரு பாய்கூட இறக்கவில்லை. பணிகிறவன் முதலில் பாயைத்தான் இறக்குவான். முழுப்பாயில் மேலே ஏறி வருகிறவன் எப்படிச் சரணடைவான்?

மேலிடத்திலிருந்து நான்கு பேர் படம் பார்க்க வந்த அன்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். கண்காணிப்பாளர் சிரித்துக்கொண்டே கேட்டார், "யோவ், கொடி என்ன கலரு?" "வெள்ளைங்க சார்." "வெள்ளைக்கொடின்னா என்ன அர்த்தம்?" "சமாதானம்ங்க சார்." நான்கு பேரும் சிரித்தார்கள். என்னை அறுத்தது வேறு. பாய் ஒன்று சொல்கிறது, கொடி ஒன்று சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்றால் வரைந்தவன் பொய்யன் ஆகிறான். அந்த அலையை வரைந்தவன் பொய் சொல்ல மாட்டான். கண்காணிப்பாளர் விருந்தாளிகள் பக்கம் திரும்பிச் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "மூணாங்கிளாஸ் எல்லாம் சரித்திரம் சொல்ல ஆரம்பிச்சா, நான் எதுக்குங்க எம்.ஏ. படிச்சேன்?"

பதக்கம் குத்திய பெரியவர்

மறுநாளே தட்டச்சு செய்த உத்தரவு வந்தது. காவலர் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது. கேட்டால் பலகையைக் கைகாட்ட வேண்டும். மீறினால் கொல்லைப்பக்கத்துச் சைக்கிள் கொட்டகைக்கு மாற்றம். கொட்டகையிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் கக்கூஸ் சுவர் தெரியும். படம் தெரியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படம் கண்ணில் படாத வேலையை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

எனக்காகப் பேச யாராவது வர மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஜூலையில் ஒருவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். அன்றைக்குப் பதினாலாம் தேதி, பிரெஞ்சுத் தேசிய நாள், அவர்களுக்கு விசேஷம். கோட்டும் பதக்கமுமாக, போர் நினைவுத்தூணுக்கு மாலை போட்டுவிட்டு வந்திருந்தார். பலகையைப் படித்ததும் அவர் முகம் சிவந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளரும் இறங்கி வந்தார். பெரியவர் கைத்தடியால் ஒவ்வொரு கப்பலாகச் சுட்டி ஒன்பதையும் எண்ணினார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பிரெஞ்சு மரியாதையோடு கண்காணிப்பாளரிடம் சொன்னார்: "எங்க கொடி மூணு கலரு மிஸ்ஸியே. இதுல ஒண்ணுலயும் அது இல்ல. இந்தச் சண்டைக்கு நாங்க வரவே இல்லைய்யா!"

துடுப்பு

அந்த வருடம் மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. என் வீடு சற்று உள்ளே. தண்ணீர் வாசலோடு திரும்பியது. செல்லம்மா வீடு கடலை ஒட்டி. கூடையில் மீன் விற்கிறவள். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த அவள் மகன் கிடைக்கவே இல்லை.

தை கடைசியில் நிவாரணக் காகிதத்துக்காக மாடிக்கு வந்தவள், இறங்கும்போது படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். எங்கள் ஊர்ச் சனம் அப்போது கடலின் பக்கமே முகத்தைத் திருப்பாது. இவள் பார்த்தாள். வலது மூலைக்குப் போய், "அண்ணே, இது என்ன?" என்றாள். நான் பலகையைக் கைகாட்டியிருக்க வேண்டும். "கட்டுமரம்மா. நம்மாளுங்க மூணு பேரு" என்றேன்.

"துடுப்பு எங்கண்ணே?"

நான் பார்த்தேன். துடுப்பு இல்லை. மூன்று பேரில் ஒருவன் கையிலும் இல்லை. கட்டிய கயிறும் இல்லை. அது கட்டுமரமே இல்லை. ஒடிந்த பாய்மரம். அதைக் கட்டிக்கொண்டு மிதக்கிறார்கள். முப்பது வருடம் கடலுக்குப் போனவன், இத்தனை நாள் வந்தவர்களுக்கெல்லாம் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். மூவரில் ஒருவன் மட்டும் தலையைத் தூக்கி இடது பக்கம் பார்க்கிறான். செல்லம்மா அவன் பார்வையைப் பிடித்துக்கொண்டே, பன்னிரண்டடியும் நடந்து, பனைமரங்களிடம் போய் நின்றாள். காற்று கரையிலிருந்து அடிக்கிறது, மிதக்கிறவனைத் தள்ளிக்கொண்டுதான் போகும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கண்காணிப்பாளர் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியும். செல்லம்மா திரும்பி என்னிடம் சொன்னாள்: "அவனுக்குக் கரை தெரியுதுண்ணே. வந்துடுவான்."

மூன்று புள்ளிகள்

அடுத்த திங்கட்கிழமை நான் சைக்கிள் கொட்டகையில் இருந்தேன். மூன்று வருடம் இருந்தேன். கூடத்துக்குள் போகவில்லை. போனால் வேலைச் சீட்டு கிழியும் என்பது ஒரு காரணம். கூப்பிடாத இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்கில்லை என்பது இன்னொன்று.

பிறகு பழைய படங்களைச் சுத்தம் செய்கிற பெண் ஒருத்தி புதுச்சேரியிலிருந்து வந்தாள். குச்சியில் பஞ்சு சுற்றி, மருந்தில் நனைத்து, ஒரு நாளைக்கு ஒரு சாண் அகலம் துடைப்பாள். கொட்டகைக் குழாயில்தான் கை கழுவ வருவாள். ஒருநாள் சோர்ந்துபோய்ச் சொன்னாள், "கரைக்குப் பக்கத்துல ஒரு பழுப்புக் கறைங்க ஐயா. மழைத்தண்ணி ஒழுகியிருக்கும்போல. நாளைக்கு அதை எடுத்துட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது."

"எந்த இடத்துலங்க?" என்றேன். "ஆத்துமுகத்துலேருந்து ஆரம்பிச்சு வலது பக்கமா நாக்கு மாதிரி நீளுது." சைக்கிள் டோக்கன்களைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி உள்ளே போனேன். போகும்போதே சொன்னேன்: "துடைச்சுடாதீங்கம்மா. அது கறை இல்ல, கலங்கல். ஆடியில ஆத்துல புதுத்தண்ணி வந்து கடல்ல விழும். சட்டுனு கலக்காது. பழுப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், நடுவுல கோடு போட்ட மாதிரி நிக்கும். கச்சானும் ஆடியிலதான் அடிக்கும். அந்தக் கோட்டுலதான் மீன் கூடும். மீன் கூடுனா மேல ஆலாக் குருவி சுத்தும். வரைஞ்சவன் நெசமாவே பாத்து வரைஞ்சிருந்தா, அந்தக் கோட்டுல ஆலா இருக்கணும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே பயம். இல்லாமல் போனால்? இருநூறு வருடமோ என்னமோ முன்னால் வரைந்த, முகம் தெரியாத ஒருவன் மேல் பந்தயம் கட்டிவிட்டேன். அந்தப் பெண் ஏணியில் ஏறி, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ராசாத்திகூடப் பெருக்குவதை நிறுத்திவிட்டாள். பிறகு மேலேயிருந்து, கோயிலில் பேசுகிற குரலில் சொன்னாள்: "ஐயா, மூணு புள்ளி இருக்குங்க. மூணுக்கும் இறக்கை இருக்குங்க."

பூ

அதற்கடுத்த வாரம் அவள் வெள்ளைக்கொடியைத் துடைத்தாள். நான் கொட்டகைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கண்காணிப்பாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அழுக்குப் போகப் போக, பெரிய கப்பலின் கொடியில் மஞ்சளாக ஏதோ பூத்தது. ஒன்று, இரண்டு, பிறகு வரிசை வரிசையாக. தங்கநிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். வெள்ளைத் துணியில் பொட்டு வைத்த மாதிரி மின்னியது.

அந்தப் பெண் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, பாடம் எடுப்பது போல இல்லாமல், செய்தி சொல்வது போலச் சொன்னாள். மூன்று கலர் கொடி பிற்பாடு வந்ததாம். ராஜா இருந்த காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்களின் சண்டைக்கொடியே வெள்ளைதானாம். பூப்போட்டது ராஜாவுக்கே உரியதாம். நான் கப்பலைப் பார்த்தேன். முழுப்பாய், முதுகில் காற்று, உச்சியில் ராஜாவின் கொடி. பாயும் கொடியும் ஒரே பேச்சைத்தான் பேசியிருக்கின்றன. அந்தச் சொல்தா பெரியவரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் அதற்கு முந்தின வருடமே போய்ச் சேர்ந்திருந்தார்.

"அப்ப ஜெயிச்சது யாரும்மா?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமுமே தாங்கதான் ஜெயிச்சோம்னு எழுதி வச்சிருப்பாங்க ஐயா" என்று சிரித்தாள். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் பலகையைக் கழற்றச் சொல்லிக் கைகாட்டிவிட்டு மாடியேறினார். ஆணியைப் பிடுங்கிப் பலகையை அக்குளில் வைத்துக்கொண்டு ராசாத்தி படிக்கட்டைப் பார்த்துக் கத்தினாள்: "சார், நல்ல தேக்குங்க சார், எங்க வீட்டு ஆட்டுக்கொட்டாய்க்குக் கதவு இல்ல, எடுத்துக்கவா?"

ஒரு 'ங்க'

நான் கூடத்துக்குத் திரும்பினேன். யாரும் உத்தரவு போடவில்லை. கொட்டகைக்கு வேறு ஆள் வந்தான், அவ்வளவுதான். ஆனால் பேசவில்லை. பேசாதே என்று எழுத்தில் கொடுத்தவர், பேசு என்று வாயாலாவது சொல்லட்டும் என்று இருந்தேன். யார் கேட்டாலும் சுவரில் பலகை இருந்த வெற்றிடத்தைக் கைகாட்டினேன். ஐந்து மாதம். உங்களில் யாராவது இப்படி முறைத்துக்கொண்டு வேலை பார்த்திருந்தால், அதில் எவ்வளவு களைப்பு என்பது தெரியும்.

ஒருநாள் வெளியூரிலிருந்து இருபது பேருக்கு மேல் வந்தார்கள். கண்காணிப்பாளர் தானே விளக்கினார். நன்றாகத்தான் சொன்னார். கொடி, பூ, ராஜா, எல்லாம். காற்றுக்கு வந்ததும் தடுமாறினார். "இது பாருங்க, வாடைக்காற்று" என்றார். கூட்டத்தில் கடலோரத்துக்காரர் ஒருவர் இருந்தார். "ஆடி மாசம்னு சொன்னீங்க. ஆடியில எங்கேருந்துங்க வாடை அடிக்கும்?" என்றார். நான் தூணோரம் நின்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கலியபெருமாள்," என்றார் கண்காணிப்பாளர். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான்கு வருடத்துக்கு மேலாக நான் 'யோவ்'. "இங்க வாங்க. நீங்க சொல்லுங்க."

நான் நகரவில்லை. சன்னல் வெயில் படத்தில் ஏறிக்கொண்டிருந்தது. துடைத்த பிறகு அந்த அலைக்கு இன்னும் உயிர் கூடியிருந்தது. இருபது முகமும் என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பெண் தன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, தரையில் காலை அகட்டி நின்றாள். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கோபத்தில் நிற்க முடியவில்லை. படத்தருகே போய், கரையில் எறும்பு கனத்தில் நிற்கிற சனத்திலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் முதுகுக்குப் பின்னால் ஏதோ இழுபடும் சத்தம். மாடியிலிருந்து தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. யார் முகத்தையும் பார்க்காமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "உக்காந்தே சொல்லுங்க. உங்களுக்குத்தான் முட்டி சரியில்லையே."

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் போட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் மன்னிக்காமல் இருக்கிறேன்.